ஏரி வீட்டுக்கு ஒரு லீவு லெட்டர்

யோசனை வந்த இடம் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜ். போன ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. எங்கள் காரின் ஏசி மறுபடியும் அனல் காற்றை ஊத ஆரம்பித்திருந்ததால் அப்பாவும் நானும் அதைக் கொண்டுபோய் விட்டிருந்தோம். மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டபடி "தஸ் மினிட், பாய்", பத்தே நிமிஷம் என்று சொல்லி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தகரக் கூரை. ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் கம்ப்ரெஸரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சட்டை முதுகில் வியர்வை ஊறி, காய்ந்து, வெள்ளையாக உப்புக்கோடு விழுந்து, அதன் மேல் மறுபடியும் ஊறிக்கொண்டிருந்தது.

நான் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எதையோ தேடப்போய் எதுவோ வந்து, கடைசியில் ஒரு மர வீடு வந்து நின்றது. சிவப்புப் பெயிண்ட், வெள்ளை ஜன்னல். வாசலிலிருந்து பலகைப் பாதை ஒன்று நேராகத் தண்ணீருக்குள் போய் முடிந்தது. பின்லாந்து. பாதி நிலம், பாதி ஏரி என்று சொல்லும் அதன் கிழக்குப் பகுதி. வாடகைக்குக் கிடைக்கும். அங்கே அன்றைய வெயில் பதினேழு டிகிரி. பதினேழு! எங்கள் வீட்டு ஏசியை இருபத்துநான்குக்குக் கீழே இறக்கினால் அம்மா சண்டைக்கு வருவாள்.

அப்பாவைத் தட்டி எழுப்பி போனை முகத்துக்கு நேரே நீட்டினேன். "அடுத்த ஜூலை. நாம மூணு பேரும். பத்து நாள்."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "யாரு வீடு இது?" என்றார்.

"யாரோ ஒரு பாட்டியம்மா வீடு. வாடகைக்கு விடுறாங்க."

"அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"யாருமே இல்லப்பா. அதான் விஷயமே."

எங்கள் வீட்டில் லீவு என்றால் ஊருக்குப் போவது. அப்பா இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான் இங்கேயே பிறந்தவள். இத்தனை வருஷத்தில் நாங்கள் எடுத்த லீவு எல்லாம் திருச்சி விமானநிலையத்தில் தொடங்கி திருச்சி விமானநிலையத்தில் முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி டிக்கெட். முப்பது நாளில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, பல் டாக்டர், பட்டா ஆபீஸ், குலதெய்வம். பால்பவுடர் டப்பாவும் சென்ட் பாட்டிலும் வீடுவீடாகக் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பும் தேதி வந்துவிடும். இங்கே வந்து இறங்கினால் மறுநாளே அப்பாவுக்கு டியூட்டி. அவர் ஒரு இரும்பு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். காலை ஆறரைக்குப் போனால் மாலை ஏழு. நான் துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை செய்கிறேன், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அம்மா எங்கள் பில்டிங் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள், அதுவும் நாங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில்தான். மூன்று பேரும் ஒரு வேலையும் இல்லாமல், ஒரு விருந்தாளியும் இல்லாமல், ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு முழு நாள் எனக்கு நினைவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அப்படிப் பத்து நாள். ஏரி அதற்கு ஒரு சாக்கு.

அன்று சாயந்திரமே வீட்டுக்காரம்மாவுக்கு எழுதிவிட்டேன். நான் அப்படித்தான். ஒரு விஷயம் பிடித்துவிட்டால் சாப்பாடு இறங்காது.

அம்மாதான் முதலில் மிரண்டாள். படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்கடி?" என்றாள்.

"வெளியில. தனியா ஒரு மரக் கூண்டு மாதிரி இருக்கும். தண்ணி கிடையாது, மரத்தூள் போடணும்."

"வெளியில போறதுக்கா நான் பிளேன் ஏறி அத்தனை தூரம் வரணும்?"

"ஆனா சவுனா இருக்கும்மா. ஆவி அறை. அதுல வியர்க்க வியர்க்க உட்கார்ந்துட்டு நேரா ஏரியில குதிக்கலாம்."

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அதுக்கு ஆகஸ்ட்ல நம்ம பார்க்கிங்ல நின்னா போதுமே, பாப்பா."

ஜூலையில் அங்கே இரவு பதினொரு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்று நான் சொன்னபோது அம்மா நிஜமாகவே கவலைப்பட்டாள். "அப்ப சாயந்திரம் விளக்கு எத்தனை மணிக்கு ஏத்தறது?" இதற்கு எந்த இணையதளத்திலும் பதில் இல்லை. ஷார்ஜா நேரப்படி ஏற்றிவிடலாம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

குளிர்காலம் வந்தது. இங்கே அதுதான் மனிதர்கள் வெளியே நடமாடும் காலம். கடலோரக் கார்னிஷில் நடந்துகொண்டே திட்டம் போட்டோம். நான் எல்லாவற்றுக்கும் ஒரு ஷீட் வைத்திருந்தேன்: ரயில், ரயிலிலிருந்து பஸ், பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்காரம்மா வந்து கூட்டிப்போவது, பக்கத்துக் கடை எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு மூடும். மெல்ல மெல்ல அப்பாவும் உள்ளே வந்தார். டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் பட்டியல் போட ஆரம்பித்தார். அரிசி, துவரம்பருப்பு, குக்கர், கேஸ்கட் ஒன்று கூடுதலாக. ஸ்டோர்காரர் அல்லவா, எதற்கும் ஒரு மாற்று வேண்டும். வீட்டுக்காரம்மாவுக்கு அவர் சார்பில் நான் ஒரு கேள்வி அனுப்பினேன்: வீட்டோடு சேர்த்துத் தரும் படகில் எத்தனை கிலோ ஏற்றலாம்? பதில் வந்தது: மூன்று பெரியவர்களும் ஒரு நாயும்.

"நாய் இடத்துல அரிசியை வெச்சுக்கலாம்" என்றாள் அம்மா. அவளும் வந்துவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரியில் முன்பணம் கட்டி வீட்டை உறுதி செய்தேன். அந்த மாதத்தில்தான் அப்பா ஆபீஸிலிருந்து சாமான்களைக் கொண்டுவரத் தொடங்கினார் என்பது இப்போது எழுதும்போது புரிகிறது. முதலில் ஒரு டீ கோப்பை. அடுத்த வாரம் கால்குலேட்டர். பிறகு மேஜைக்கு அடியில் வைத்திருந்த பழைய ஷூ. "ஸ்டோர்ல இடம் இல்ல" என்றார். நான் அந்த ஷூவைப் பார்த்து, "சூப்பர், இது காட்டுல நடக்க ஆகும்" என்று பயணப் பெட்டியில் போட்டேன். அவர் பெட்டியை மூடி வைத்தார்.

ஏப்ரலில் விசா வேலை. ஐரோப்பாவுக்கு டூரிஸ்ட் விசா கேட்டால் வேலை செய்யும் கம்பெனி ஒரு லெட்டர் தர வேண்டும். இவர் எங்களிடம் வேலை செய்கிறார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை லீவு கொடுத்திருக்கிறோம், லீவு முடிந்ததும் வேலைக்குத் திரும்பி வருவார். இந்த மூன்றாவது வாக்கியம் இல்லாமல் கவுண்டரில் பேப்பரை வாங்கவே மாட்டார்கள். என் கம்பெனி என் லெட்டரை ஒரே நாளில் கொடுத்துவிட்டது. அம்மாவுக்கு அப்பாவின் லெட்டரே போதும். அப்பாவுடையது மட்டும் வரவில்லை.

"கேட்டீங்களாப்பா?"

"சொல்லியிருக்கேன்மா."

நாலு நாள் கழித்து, "என்னாச்சுப்பா?"

"மேனேஜர் சைட்டுக்குப் போயிருக்கான். வந்து தரேன்னான்."

இன்னொரு வாரம். விசா சென்டரில் அப்பாயிண்ட்மெண்ட் கிடைப்பது லேசில்லை. ஒரு மாதமாகத் தினம் காலையில் பஸ்ஸில் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்து, யாரோ விட்டுப்போன மூன்று இடங்களை ஒன்றாகப் பிடித்திருந்தேன். வியாழக்கிழமை, காலை பத்தரை. அதற்கு ஆறு நாள்தான் இருந்தது. அப்பா கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷமாக ஊருக்கு என்று மட்டுமே லீவு கேட்டவர், ஏரியில் படகு விடப்போகிறேன் என்று எப்படிக் கேட்பார்? கேட்க மாட்டார். ஆகவே நான் கேட்டேன்.

இங்கே வளர்ந்த பிள்ளைகள் செய்யும் காரியம் இது. வீட்டில் ஆங்கிலக் கடிதம் எல்லாம் நாங்கள்தான் எழுதுவோம். பத்து வயதிலிருந்து வீட்டு ஓனருக்கு, பள்ளிக்கு, இன்ஷூரன்ஸ்காரருக்கு, எல்லோருக்கும் அப்பா பெயரில் எழுதி எழுதிப் பழக்கம். அப்பாவின் எம்ப்ளாயி நம்பர் இன்ஷூரன்ஸ் கார்டில் இருந்தது, ஆபீஸின் மெயில் முகவரி பழைய கடிதம் ஒன்றில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன். மரியாதையான, அழகான கடிதம். ஜூலையில் பத்து நாள் குடும்பத்தோடு ஐரோப்பா செல்லவிருப்பதால் லீவு லெட்டர் வேண்டும். கீழே அப்பாவின் பெயர்; அவருக்காக நான் திறந்து வைத்திருக்கும் மெயில் ஐடியிலிருந்தே. அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை, சாயந்திரம் லெட்டரோடு போய் ஆச்சரியப்படுத்தலாம் என்று எண்ணம்.

மூன்றரை மணிக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. உங்கள் பணி ஜூன் மாதக் கடைசி நாளோடு முடிவடைவதால், ஏற்கெனவே தெரிவித்தபடி, ஜூலையில் லீவுக்கான கடிதம் தர இயலாது. நன்றி.

நான் அதை வேறு யாருக்கோ வர வேண்டிய மெயில் என்று நினைத்து எம்ப்ளாயி நம்பரைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. "ஏற்கெனவே தெரிவித்தபடி" என்ற இடத்தில் திரும்பத் திரும்ப வந்து நின்றேன். பக்கத்து சீட் மலையாளி அக்கா, "எந்தா மோளே, வயறு வேதனயா?" என்று கேட்டார். ஆமாம், வயிற்று வலிதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அப்பா, வழக்கத்துக்கு மாறாக, எனக்கு முன்பே வந்திருந்தார். ஹாலில் மறுநாளைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உள் அறையில் அம்மாவின் டியூஷன் பிள்ளைகள் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தன. நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "பிப்ரவரி" என்றார். "வயசு அறுபதாச்சு, ரெனியூ பண்ண மாட்டோம்னு சொன்னாங்க. கலாஸ், முடிஞ்சுது." காற்றில் கையை ஒருமுறை துடைத்துக் காட்டினார்.

"ஏன் சொல்லல? நான் பாட்டுக்கு ரயில் டைம், படகு, நாய்னு…"

"நீ சொல்லும்போது கேட்க நல்லா இருந்துச்சு, பாப்பா."

பிறகு மீதியையும் சொன்னார். கம்பெனிக்கு ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் தொழிற்சாலையோடு தொடர்பு உண்டு. அங்கே கிடங்கைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஆள் தேடினார்கள். கோடையில் அங்கே யாரும் நிற்பதில்லை, எல்லோரும் ஜூன் வந்ததும் லீவு கேட்டு ஓடுகிறார்கள் என்பதுதான் அங்குள்ள மேனேஜரின் குறை. அவர் பாகிஸ்தான்காரர், அப்பாவுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். அப்பா இரண்டு மாதமாக அவரோடு பேசிக்கொண்டிருந்தார். சொல்லியிருந்த ஒரே வார்த்தை: எனக்கு லீவே வேண்டாம், கோடை முழுக்க நிற்கிறேன். அவரும் ஏறக்குறைய சரி என்றிருந்தார். இரண்டு வருஷ விசா. கையெழுத்துதான் பாக்கி.

"அப்ப ஏரி வீடு?"

"வேலை கிடைச்சு ஒரு மாசம் போகட்டும், உன்கிட்ட பக்குவமா சொல்லி அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம்னு இருந்தேன்." சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டார். "இன்னிக்கு மத்தியானம் அவன் போன் பண்ணினான். உன் லெட்டரை ஆபீஸ்ல யாரோ அவனுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்காங்க. ஒரே சிரிப்பு. 'க்யா பாய், யூரோப் ஜா ரஹே ஹோ? யூரோப் போறீங்களாமே? என்கிட்ட லீவே வேண்டாம்னீங்க, அங்க ஜூலைக்கு டூர் கேட்டிருக்கீங்க'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொண்ணு எழுதினதுன்னு எப்படிச் சொல்றது? என் பேர்ல இல்ல இருக்கு? தப்பா வந்திருக்கும்னு சொன்னேன். 'சலோ, பாக்கலாம்'னு வெச்சுட்டான்."

அம்மா உள்ளிருந்து வந்து கதவருகே நின்றாள். கையில் யாருடைய நோட்டோ இருந்தது. அவளுக்கும் மார்ச்சிலேயே தெரியும். "யாரைக் கேட்டுடி எழுதின?" என்றாள் மெதுவாக, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி. "எல்லாத்துக்கும் அவசரம். மனுஷன் ஒரு வாய் வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தாரு."

"உனக்குத் தெரியும்ல? நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிடி சொல்றது? விளக்கு எப்ப ஏத்தறதுன்னு நான் கேட்டப்போ நீ சிரிச்ச சிரிப்பு இருக்கே." நோட்டை மூடினாள். உள்ளே போய் ஒரு பிள்ளையை எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள்.

விசா விஷயம் என்னவென்றால், மூன்று பேரும் ஒரே கொடியில் தொங்குகிறோம். அம்மா அப்பாவின் ஸ்பான்சரில் இருக்கிறாள். கல்யாணமாகாத மகள் என்பதால் நானும் அவர் விசாவில்தான் இருக்கிறேன். என் கம்பெனி எனக்கு வேலை அனுமதி மட்டும் எடுத்திருக்கிறது. என்னை வேலைக்கு எடுக்கும்போது, விசாச் செலவு மிச்சம் என்று அவர்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம். ஜூன் கடைசியில் அப்பாவுடையது கேன்சல் ஆனால் எங்கள் இருவருடையதும் ஆகும். கொஞ்ச நாள் அவகாசம் கொடுப்பார்கள், அதற்குள் மூட்டை கட்ட வேண்டும். எனக்குத் தனி விசா தருவார்களா என்று என் ஆபீஸில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். தந்தால் நான் மட்டும் இங்கே ஏதோ ஒரு பகிர்வு அறையில், அவர்கள் திருச்சியில். நான் பத்து நாள் சேர்ந்திருக்க ஆசைப்பட்டேன். இப்போது பேச்சு இனி வருஷத்தில் எத்தனை நாள் என்பதைப் பற்றி.

அந்த ராஸ் அல் கைமா மேனேஜர் அன்றைக்குப் பிறகு அப்பாவின் போனை எடுக்கவில்லை. என் லெட்டர்தான் காரணமா என்று அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "இல்லம்மா, அவனுக்கு மேல இருக்கவங்க வயசைப் பார்த்திருப்பாங்க" என்றார். அப்படியும் இருக்கலாம். லெட்டர் போகாமல் இருந்திருந்தாலும் கிடைக்காமலே போயிருக்கலாம். எனக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை, அவர் அதை எனக்கு வசதியாகச் சொல்கிறார் என்பது மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை அப்பாயிண்ட்மெண்டை முன்னாலேயே ரத்து செய்தேன். வேறு யாராவது ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பிடித்திருப்பார். வீட்டுக்காரம்மா போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார்: படகைக் கவிழ்த்துப் போட்டுப் பெயிண்ட் அடித்திருக்கிறார். உங்களுக்காகத்தான் என்று எழுதியிருந்தார். எட்டு நாள் பதில் எழுத முடியவில்லை. நேற்று எழுதினேன். ஜூலையில் வர முடியாது, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காரணம் எழுதவில்லை. முதல்முறையாக, அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஸாரின்னு ஒரு வார்த்தை சேர்த்துக்க, பாவம்" என்றார்.

அப்போதுதான் கேட்டேன். "ராஸ் அல் கைமாவுக்கு நான் போகட்டுமா? அந்த மேனேஜரைப் பார்த்து, லெட்டர் நான் எழுதினது, உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்றேன். நீங்க வேண்டாம்னா போகல."

"போய் நின்னா சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். யாரைப் பற்றியோ பேசுவது போல, "ஞாயித்துக்கிழமையும் அவனுக்கு டியூட்டி உண்டு. பத்து மணிக்குள்ள போனா ஆபீஸ்லயே இருப்பான். அதுக்கப்புறம் சூளைப் பக்கம் போயிடுவான், பிடிக்க முடியாது" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். கார் ஏசியை நம்ப முடியாது, ஆகவே வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அங்கே சொல்ல வேண்டியதை என் பள்ளிக்கூட இந்தியில் நான்கு வரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். லெட்டர் என்னுடையது. அப்பாவுக்குத் தெரியாது. நான்காவது, தயவுசெய்து அவர் போனை எடுங்கள். மூன்றாவது வரிதான் நிற்கமாட்டேன் என்கிறது. கோடை முழுக்க, ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், அறுபது வயதில் அந்தச் சூளைக்குப் பக்கத்தில் அவர் நிற்பார் என்று நான் என் வாயால் உறுதி சொல்ல வேண்டிய வரி. எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைத் தடுமாறாமல் சொல்லப் பழக வேண்டும்.